லெக் பீஸ் யாருக்கு?

எங்கள் வீட்டில் கோழி அடித்தால் ஒரே ஒரு கோழிதான். அதற்குக் கால் இரண்டு. சாப்பிட உட்காருகிறவர்கள் ஒன்பது பேர். இந்தக் கணக்கைத் தீர்க்கும் அதிகாரம் கரண்டியைக் கையில் வைத்திருந்த அப்பத்தாவிடம் இருந்தது. மாப்பிள்ளை வந்திருந்தால் ஒரு கால் அவருக்கு, இன்னொன்று கடைக்குட்டிப் பையனுக்கு. ஈரல் தாத்தாவுக்கு. நெஞ்சுக்கறி சம்பாதிக்கிற ஆண்களுக்கு. கடைசிப் பந்தியில் அடுப்படித் தரையில் உட்காரும் பெண்களுக்குக் கழுத்தும் முதுகெலும்பும் சட்டியை வழித்த குழம்பும். இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. அப்பத்தாவும் கழுத்தைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்.

என் அம்மா முழு லெக் பீஸ் ஒன்றைத் தன் தட்டில் வைத்துச் சாப்பிட்டது ஐம்பத்தெட்டாவது வயதில், திருப்பூரில், ஒரு வறுத்த கோழிக் கடையில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுற்றிலும் பனியன் கம்பெனிப் பிள்ளைகள், சம்பளம் வாங்கிய மறுநாள் முகத்தோடு. பெண்கள் நான்கைந்து பேராகத் தனியாகவே வந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசை நடுவில் பக்கெட் இருந்தது. யாராவது எடுத்து வைப்பார்கள் என்று அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார். யாரும் எடுத்து வைக்கவில்லை. பிறகு தானே கையை விட்டு ஒரு காலை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இந்தக் கடைகளைப் பற்றி எதைப் படித்தாலும் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வருகிறது. தமிழில் இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது நோய், அந்நியச் சரக்கு, பிள்ளைகளைக் கெடுக்கும் குப்பை உணவு. மறு கட்சிக்கு இது வளர்ச்சி, வேலைவாய்ப்பு, சுத்தம். இரண்டிலுமே உண்மை உண்டு. ஆனால் அந்த மேசையில் யார் உட்கார முடிகிறது, எந்தத் துண்டு யாருக்குப் போகிறது, யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்ற கேள்விகளை இரு தரப்பும் கேட்பதில்லை. நான் பார்த்தும் படித்தும் வந்த முடிவு இது: வறுத்த கோழிக் கடை சாப்பாட்டு மேசையில் இருந்த மேல் கீழை உண்மையாகவே குறைத்திருக்கிறது. அங்கே குறைந்த பாரம் காணாமல் போகவில்லை. சமையலறைக்கும் கோழிப் பண்ணைக்கும் இடம் மாறியிருக்கிறது. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்று பார்க்க, இந்தக் கோழி பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

*

கோழியை மாவில் புரட்டிக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எண்ணெயில் பொரிப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் பழைய வழக்கம், காரமும் மணமும் சேர்த்த கை அங்கிருந்து வந்ததுதான் என்று வேறு சிலர். 1824இல் மேரி ராண்டால்ஃப் வெளியிட்ட 'தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' என்ற சமையல் நூலில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் அடுப்பில் நின்று பொரித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பினப் பெண்கள். நூலில் பெயர் வந்தது எஜமானிக்கு.

கோழிக்கும் அடிமைகளுக்கும் உள்ள உறவு சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. 1692இல் வர்ஜீனியா சட்டமன்றம் அடிமைகள் குதிரை, மாடு, பன்றி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்தது. கோழி அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் மறந்துவிட்ட அந்தச் சின்னப் பறவைதான் அவர்கள் வளர்க்கவும் விற்கவும் முடிந்த சொத்தாக ஆனது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பின் அந்தச் சொத்து ரயில் நிலையத்துக்கு வந்தது. வர்ஜீனியாவில் கார்டன்ஸ்வில் என்ற சந்திப்பு. ரயிலில் உணவுப் பெட்டி கிடையாது. விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் தலையில் தட்டைச் சுமந்துகொண்டு நடைமேடைக்கு வந்து ஜன்னல் வழியாகக் கோழியும் ரொட்டியும் காப்பியும் விற்றார்கள். நம் ஊரில் ரயில் நின்றதும் ஜன்னலோரம் முறுக்கும் வடையும் வருமே, அதே காட்சி. வெயிட்டர் கேரியர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அந்த வியாபாரத்தில் பிள்ளைகளை வளர்த்தார்கள், சொந்த வீடு கட்டினார்கள். சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன் 2006இல் இவர்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூலின் தலைப்பே கோழிக்கால்களைக் கொண்டு வீடு கட்டுவது என்று பொருள்படும். நெஞ்சும் காலும் கூடுதல் விலை, முதுகும் சிறகும் குறைந்த விலை. கோழியைத் துண்டாகப் பிரித்துத் துண்டுக்கு விலை வைக்கும் இன்றைய முறையை அந்த நடைமேடையிலேயே காணலாம்.

வாங்கியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், விற்றவர்கள் நின்றிருந்தார்கள். பிறகு வந்த நிறப்பிரிவினைக் காலத்தில் கறுப்பினத்தவர் பயணம் போனால் வழியில் பெரும்பாலான உணவகங்களில் உட்கார முடியாது. வறுத்த கோழியைக் காலணிப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள். ஆறினாலும் நன்றாக இருக்கும், கையால் சாப்பிடலாம், தட்டு வேண்டாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன நம் முன்னோர் பலருக்கும் அது வெறும் சிக்கன வழக்கமாக மட்டும் இருந்ததில்லை. ஓட்டலுக்குள் விடமாட்டார்கள் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

*

இந்த இடத்தில்தான் வெள்ளைத் தாடியும் வெள்ளைக் கோட்டுமாக ஹார்லண்ட் சாண்டர்ஸ் வருகிறார். 1890இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்தார், தாய் வேலைக்குப் போனார், தம்பி தங்கைக்குச் சமைத்துப் போடும் பொறுப்பு இவருக்கு வந்தது. பல வேலைகள் பார்த்துத் தோற்று, 1930இல் கென்டக்கி மாநிலத்தின் கார்பின் ஊரில் பெட்ரோல் பங்க் நடத்த வந்தார். வண்டி நிறுத்தியவர்களுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உணவு போட்டார். ராணுவத்துக்கும் இவருடைய 'கர்னல்' பட்டத்துக்கும் சம்பந்தமில்லை. 1935இல் அந்த மாநில ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம் அது.

அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு பதினோரு மசாலா என்பதை நான் ஏற்கவில்லை. மசாலாவை ரகசியமாக வைத்திருப்பது நல்ல விளம்பரம், அவ்வளவுதான். காலத்தைச் சுருக்கியதே அவர் செய்த பெரிய காரியம். வாணலியில் கோழி வேக அரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் பயணி காத்திருக்கமாட்டார். நிறைய எண்ணெயில் வேகமாகப் பொரித்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். முன்கூட்டியே பொரித்து வைத்தால் மிச்சமாகி வீணாகும். 1939இல் பிரஷர் குக்கர் சந்தையில் பரவியபோது அதற்குள் எண்ணெய் ஊற்றிக் கோழியைப் பொரித்துப் பார்த்தார். கோழியிலிருந்து கிளம்பும் நீராவி வெளியேற வழியின்றி அழுத்தமாக நிற்க, சதைக்குள்ளிருக்கும் நீர் வற்றாமல் பத்து நிமிடத்துக்குள் எலும்புவரை வெந்தது. இட்லிக்கும் பருப்புக்கும் குக்கரை நம்பியிருக்கும் நமக்கு இது உடனே புரியும். ஒரு எச்சரிக்கை: இதை வீட்டு குக்கரில் ஒருநாளும் செய்து பார்க்காதீர்கள். கொதிக்கும் எண்ணெயைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை. கடைகளில் உள்ளவை இதற்கென்றே வார்த்த கனத்த இயந்திரங்கள்.

1952இல் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் பீட் ஹார்மன் என்ற உணவகக்காரர் இந்த முறையை வாங்கிக்கொண்டு முதல் கிளையைத் தொடங்கினார். 'கென்டக்கி ஃபிரைட் சிக்கன்' (சுருக்கமாக கே.எஃப்.சி.) என்ற பெயர் அங்கே பலகை எழுத வந்த ஓவியர் சொன்னது. 1957இல் அட்டை பக்கெட்டைக் கொண்டுவந்ததும் ஹார்மன்தான். புதிய நெடுஞ்சாலை கார்பினை ஒதுக்கிக்கொண்டு போனதால் சாண்டர்ஸின் சொந்த உணவகம் ஏலத்துக்கு வந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர், மாதம் 105 டாலர் அரசு ஓய்வூதியம். காரின் பின் இருக்கையில் குக்கரையும் மசாலாப் பையையும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் சில சென்ட் என்று ஒப்பந்தம் பேசினார். 1964இல் இருபது லட்சம் டாலருக்கு நிறுவனத்தை விற்றபோது அறுநூறு கிளைகளுக்கு மேல் இருந்தன. விற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. புதிய முதலாளிகள் காய்ச்சிய குழம்பு சுவரொட்டிப் பசை போலிருக்கிறது என்று வெளிப்படையாகத் திட்டினார், அதற்காக ஒரு கிளை போட்ட அவதூறு வழக்கிலும் வென்றார். தன் முகத்தை விற்றவர் நாக்கை விற்கவில்லை என்பதில் எனக்கு அவர்மீது மரியாதை உண்டு.

அதே 1964 ஜூலையில் அமெரிக்காவில் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. உணவகங்கள் நிறம் பார்த்து ஆளைத் தடுக்கக் கூடாது. அட்லாண்டாவில் 'பிக்ரிக்' என்ற உணவகம் வறுத்த கோழிக்குப் பெயர் போனது. சட்டம் வந்த மறுநாளே மூன்று கறுப்பின மாணவர்கள் அங்கே சாப்பிடப் போனார்கள். உரிமையாளர் லெஸ்டர் மேடக்ஸ் துப்பாக்கியோடு நின்று விரட்டினார். நீதிமன்றம் விடாமல் பிடித்தபோது, அவர்களை உட்கார வைப்பதைவிடக் கடையை மூடுவது மேல் என்று மூடிவிட்டார். பின்னர் ஜார்ஜியா மாநில ஆளுநராகவும் ஆனார். அடிமைகளாக்கப்பட்டோரின் கையில் ருசி கண்ட உணவு. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சாப்பிட ஒரு நாற்காலி இல்லை.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்த கிராமங்களை என் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. கவுன்டரில் காசு கொடுத்து, டோக்கன் எண் வந்ததும் தானே டிரேயை எடுத்துக்கொண்டு, காலியான எந்த மேசையிலும் உட்காரும் முறைக்கு இந்தப் பின்னணியில் ஓர் அர்த்தம் உண்டு. பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, யாரோடு வந்தாய் என்று கேட்பதில்லை. பெண்பிள்ளைகள் தனியாக வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போக நம் சிறு நகரங்களில் வேறு எத்தனை இடம் இருக்கிறது? இதைக் குப்பை உணவு என்ற ஒரு சொல்லில் தள்ளிவிட என்னால் முடியாது.

*

இனித் துண்டுக் கணக்குக்கு வருவோம். சாண்டர்ஸ் தொடங்கிய நிறுவனத்தின் பழைய முறையில் ஒரு கோழி ஒன்பதாக வெட்டப்படுகிறது: கால் இரண்டு, தொடை இரண்டு, சிறகு இரண்டு, விலாப்பக்கம் இரண்டு, நெஞ்செலும்பு முனை ஒன்று. கழுத்து இல்லை. ஈரல் இல்லை. என் அம்மாவுக்கு நாற்பது வருடம் பழக்கமான துண்டு அந்த பக்கெட்டில் இல்லவே இல்லை.

எல்லாருக்கும் கால் வேண்டும் என்றால் கோழிக்கு இரண்டு கால்தானே? அப்பத்தாவின் சிக்கலை இன்றைய உலகச் சந்தை வேறு விதமாகத் தீர்க்கிறது. அமெரிக்கர்களுக்கு வெள்ளை நெஞ்சுக்கறிதான் உசத்தி. மிஞ்சும் காலும் தொடையும் உறைய வைக்கப்பட்டு மலிவு விலையில் கப்பலேறுகின்றன. சோவியத் யூனியன் உடையப்போன நாட்களில் அங்கே போய் இறங்கிய அமெரிக்கக் கோழிக்கால்களுக்கு, அன்றைய அதிபர் பெயரால் 'புஷ் கால்கள்' என்று ரஷ்யர்கள் பெயர் வைத்தார்கள். இந்தியாவுக்குள்ளும் அவை வரப் பார்த்தன. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி இந்தியா தடுத்தது. அமெரிக்கா 2012இல் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டது. 2015இல் மேல்முறையீட்டிலும் இந்தியாவுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. நூறு சதவீத இறக்குமதி வரிதான் நம் கோழிப் பண்ணையாளர்களுக்குக் காவலாக நின்றது. அமெரிக்கர்கள் நெஞ்சை விற்று லாபம் பார்த்த பிறகு காலை எந்த விலைக்கும் தள்ளிவிடலாம். காலுக்குத்தான் நம் ஊரில் மதிப்பு. ஒரு நாட்டின் கழிவு இன்னொரு நாட்டின் விருந்து என்றால் இடையில் நசுங்குவது விவசாயி.

இந்த உணவு போன இடங்களிலெல்லாம் அந்தந்த ஊரின் தேவைக்குத் தக்க மேசையைப் போட்டுக்கொண்டது. ஜப்பானில் 1974இல் நாடு முழுக்க ஓடிய ஒரு கே.எஃப்.சி. விளம்பரம், கிறிஸ்துமஸ் என்றால் வறுத்த கோழி என்று பழக்கிவிட்டது. கிறிஸ்தவர்கள் மிகக் குறைவான நாட்டில் டிசம்பர் 24 அன்று வரிசையில் நிற்கிறார்கள், வாரக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். பெய்ஜிங்கில் 1987இல் திறந்த கே.எஃப்.சி.யின் முதல் கடை, மேற்கத்தியத் துரித உணவுக்குச் சீனாவின் கதவைத் திறந்தது. பிலிப்பைன்ஸில் ஜாலிபீ என்ற உள்ளூர் நிறுவனம் கோழியோடு சோறும் வைத்தது.

தென்கொரியாவின் கதை தனி. 1997 நிதி நெருக்கடியில் வேலை இழந்த நடுவயதினர் கைக்காசைப் போட்டு ஆளுக்கொரு கோழிக் கடை திறந்தார்கள். ஒரு கட்டத்தில் அந்தச் சிறிய நாட்டில் இருந்த கோழிக் கடைகள் மக்டொனால்ட்ஸ் உலகம் முழுக்க வைத்திருந்த கடைகளைவிட அதிகம். இரட்டைப் பொரியல், காரமான பசைச்சாறு, பக்கத்தில் பியர். வெளியிலிருந்து பார்த்தால் கொண்டாட்டம். உள்ளே, ஒரே தெருவில் பத்துக் கடை போட்டியிட்டுக் கடனில் மூழ்கும் குடும்பங்கள்.

தமிழர் கை பட்ட ஒரு கதை லண்டனில் இருக்கிறது. இலங்கையிலிருந்து போன செல்வேந்திரன் என்பவர் 1985இல் தெற்கு லண்டனின் சிடனம் பகுதியில் 'மோர்லீஸ்' என்ற கடையைத் தொடங்கினார். பள்ளி விட்டதும் கையில் சில பவுண்டோடு வரும் பிள்ளைகள், இரவு வேலை முடித்த பேருந்து ஓட்டுநர்கள், குடியேறிய பல நாட்டு மக்கள் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலை. இன்று அது தெற்கு லண்டனின் அடையாளங்களில் ஒன்று. அங்கேயும் மறுபக்கம் உண்டு. பிள்ளைகளின் உடல் பருமனைக் கண்டு அஞ்சி, பள்ளியிலிருந்து 400 மீட்டருக்குள் புதிய துரித உணவுக் கடை கூடாது என்று 2021இன் லண்டன் நகரத் திட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் இளைஞர் மையங்கள் மூடப்பட்ட பகுதிகளில் பிள்ளைகள் உட்கார இருந்த கடைசி வெளிச்சமான இடமும் அந்தக் கடைதான். மாற்று இடம் தராமல் தடை மட்டும் போட்டால் பிள்ளைகள் தெருவில்தான் நிற்பார்கள்.

*

இந்தியாவில் கே.எஃப்.சி.யின் முதல் கடை 1995 ஜூனில் பெங்களூர் பிரிகேட் சாலையில் திறந்தது. சில மாதங்களிலேயே மாநகராட்சி, அஜினோமோட்டோ அளவுக்கு மேல் இருக்கிறது என்று உரிமத்தை ரத்து செய்தது. கடை நீதிமன்றம் போய்த் தப்பியது. 1996 ஜனவரியில் பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தினர் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். கண்ணாடி உடைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி, மனிதர் உண்ணும் தானியத்தைக் கோழித் தீவனமாக்கினால் ஏழை விவசாயி என்ன ஆவான் என்பது, இன்றைக்கும் பதிலுக்குக் காத்திருக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும்தான் இன்றைய கோழி.

அதன் பிறகு பல வருடங்கள் மெதுவாக நகர்ந்து, இரண்டாயிரத்துக்குப் பின் வேகம் பிடித்து, இப்போது நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. கூடவே அதே சிவப்பு வெள்ளை நிறத்தில் உள்ளூர்ப் பெயர்களோடு நூற்றுக்கணக்கான கடைகள். ஆனால் தமிழ்நாடு பொரித்த கோழியை இவர்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. சென்னை புகாரி உணவகம் தன் சிக்கன் 65ஐ 1965இல் தொடங்கியதாகச் சொல்கிறது. தள்ளுவண்டிச் சில்லி சிக்கனும், வாழையிலைத் துண்டில் வெங்காயத்தோடு வரும் சிக்கன் பக்கோடாவும் எந்தச் சங்கிலிக் கடைக்கும் முன்பே நம் சாயங்காலங்களில் இருந்தன. ருசியில் எனக்கு வண்டிக்கடைதான் மேல். ஆனால் என் அம்மா வண்டிக்கடை முன் நின்று சாப்பிடமாட்டார். நாற்காலி, குளிர்ச்சி, கழிப்பறை, யாரும் உற்றுப் பார்க்காத நிம்மதி, இவற்றுக்குத்தான் அந்தக் கூடுதல் விலை.

உடலுக்கு என்ன செய்கிறது? எப்போதாவது ஒருநாள் சாப்பிட்டதால் யாரும் சாவதில்லை. வாரம் மூன்று முறை என்றால் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. ஊறவைத்த உப்பு, மாவில் உப்பு, வறுத்த உருளைக்கிழங்கில் உப்பு என்று இரண்டு துண்டுக் கோழியிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரியையும் விலைப்பட்டியலில் காட்ட வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. பலகையில் தேடிப் பாருங்கள். எண்ணெய்க்கும் விதி உண்டு. திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் உண்டாகும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து சட்டம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. கோழியின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் மடியும். எலும்பருகே சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். அது மட்டுமே அடையாளம் அல்ல. இன்றைய கறிக்கோழி மிக இளம் பறவை, எலும்பு இறுகியிருக்காது, மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து அப்படித் தெரியும். சதை வழவழப்பாக, ரப்பர்போல் இருந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மிக இளம் பறவை என்றேன். எவ்வளவு இளமை? 1925இல் அமெரிக்கக் கறிக்கோழி ஒன்று 112 நாளில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வளர்ந்தது. இன்று நாற்பத்தேழு நாளில் அதைப்போல் இரண்டரை மடங்கு எடை. இதன் தொடக்கம் ஓர் ஆர்டர் பிழை. டெலவேர் மாநிலத்தில் செசிலி ஸ்டீல் என்ற பெண் 1923இல் முட்டைக்காக ஐம்பது குஞ்சு கேட்டார். ஐந்நூறு வந்து இறங்கின. திருப்பி அனுப்பாமல் கறிக்கென்று வளர்த்து நல்ல விலைக்கு விற்றார். ஊரே அவரைப் பார்த்துத் தொடங்கியது. நாற்பதுகளின் பின்பாதியில் 'நாளைய கோழி' என்ற பெயரில் நாடு தழுவிய போட்டி வைத்து, நெஞ்சு பெருத்த இனங்களைத் தேர்ந்தெடுத்துக் கலந்தார்கள். அந்தக் கலப்பின் வழிவந்தவைதான் நம் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிக் கொட்டகைகளில் நிற்பவை.

பல்லடத்துக் கதையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும். விவசாயி கொட்டகை, தண்ணீர், கரண்ட், தரையில் பரப்பத் தென்னை நார்க்கழிவு, குடும்பத்தின் உழைப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். நாற்பது நாள் கழித்துக் கம்பெனி வண்டி வந்து ராத்திரியில் கோழி பிடிக்கும். விவசாயிக்குக் கிடைப்பது கோழியின் விலை அல்ல. கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி. தீவனம் எவ்வளவு தின்றது, எத்தனை குஞ்சு செத்தது என்று அதிலும் கழிவு. சித்திரை வெயிலில் விசிறி நின்றால் ஒரு மத்தியானத்தில் நூற்றுக்கணக்கில் சாகும். கொட்டகை போடக் கடன் வாங்கியவர் அடுத்த பேட்ச் குஞ்சு வேண்டாம் என்று சொல்ல முடியாது. கூலியை உயர்த்தக் கேட்டு அவர்கள் திரும்பத் திரும்பப் போராடுகிறார்கள். கறிக்கடைப் பலகையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் கூலி நகர்வதில்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி: மனிதர்களுக்கு வேறு எதுவும் பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க 2019இல் இந்திய அரசு தடை விதித்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆண்டிபயாட்டிக் போட்ட கோழியை வாங்கமாட்டோம் என்று கே.எஃப்.சி. 2017இல் அமெரிக்காவில் அறிவித்தது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், அதனால் அறிவித்தது. நாமும் கேட்டால்தான் நடக்கும். நம் தட்டிலுள்ள கோழி எந்த ஊர்ப் பண்ணையில் வளர்ந்தது, அந்த விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் கலோரி எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டிய விவரம் என்பேன்.

*

கடைசியாகக் கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர்கள். பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றியுள்ள பிள்ளைகள். பலருக்கு முதல் வேலை. கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் ஒருவர், மாவு புரட்டும் மேசையில் ஒருவர், முன்னால் ஒருவர். திரையில் ஆர்டர் வந்ததும் விநாடிகள் ஓடத் தொடங்கும். எண்ணெய்த் தெறிப்பில் வெந்த தழும்பு இல்லாத கை அங்கே அரிது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்: காது கேளாத, வாய் பேச முடியாத இளைஞர்களைக் கொண்டு இயங்கும் கிளைகளை இந்தியாவில் கே.எஃப்.சி. நடத்துகிறது. படத்தைச் சுட்டியும் சைகையிலும் ஆர்டர் கொடுத்து வாங்கிச் சாப்பிடுவது வாடிக்கையாளருக்கும் ஒரு படிப்பு.

அன்று திருப்பூர்க் கடையில் நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கவுன்டரில் நின்ற பெண்ணுக்கு என் தங்கை மகள் வயது இருக்கும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தாள். அம்மாதான் முதலில் கவனித்தார். கடைசிப் பந்தி வரை நின்றே பழகியவர் அல்லவா. "அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட உட்காரலையே சாமி" என்றார்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. கேரளத்துக்கு அடுத்து இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அது துணிக்கடைக்கு மட்டுமல்ல, கோழிக் கடைக்கும்தான்.

அடுத்த முறை போகும்போது வயிறாரச் சாப்பிடுங்கள், அம்மாவை அழைத்துப் போங்கள், காலை அவர் தட்டில் வையுங்கள். எழுந்திருக்கும் முன் கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று மேலாளரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.